பத்து மணிக்குள் வீட்டுக்கு: இருநூற்றுப் பதினான்கு பேர் சொன்னது

மார்ச் 5, செவ்வாய்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் வரி கோட்டில் நிற்கமாட்டேன் என்கிறது. இடப்பக்கம் தரையில் தொடங்கி வலப்பக்கம் கூரைக்குப் போய்விடுகிறது. சில எழுத்து குதிரை அளவு, சில எழுத்து எறும்பு அளவு. பென்சிலை அழுத்திப் பிடிக்காதீர்கள் என்கிறாள் எனக்குப் படிக்கச் சொல்லித்தரும் கிளெனிஸ். பிடிக்காவிட்டால் ஓடிவிடும் போல இருக்கிறது.

என் பெயர் கிளிஃப் ஹெஸ்கெத். வயது எழுபத்து நான்கு. ஊர் இங்கிலாந்தில் ரோச்டேல். படிக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துப் பதினான்கு மாதம். இதை எழுதி முடிப்பதற்குள் ஒரு கோப்பை டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. நானே எழுதினேன்!

என் மனைவி மொரீன் இருந்தவரை கடிதம், மருந்துச் சீட்டு எல்லாம் அவள் பாடு. அவள் போனபின் ஒருநாள், படம் போடாத மலிவு டப்பா ஒன்றைப் பீச் பழம் என்று திறந்து கஸ்டர்டும் ஊற்றிவிட்டேன். உள்ளே இருந்தது கேரட். மறுநாளே நூலகத்துக்குப் போய்ப் படிப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

முழங்கால் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. வண்டி ஓட்டக்கூடாது, தனியாக வெளியே போகக்கூடாது. ஆயுள் முழுக்க வேன் ஓட்டியவனுக்கு இந்த நாற்காலி சிறைதான். கிளெனிஸ் செவ்வாய்தோறும் இங்கேயே வந்து சொல்லிக்கொடுக்கிறாள். வாரம் ஒரு பக்கமாவது எழுத வேண்டுமாம். “உங்களுக்கு எதைப் படிக்க ஆசையோ அதையும் படிங்க, கிளிஃப்” என்றாள்.

“ஒரு இசைத்தட்டைப் பத்தி யாராவது எழுதியிருந்தா படிக்கணும் கண்ணு” என்றேன்.

மார்ச் 7, வியாழன்

தட்டின் பெயர் ‘பத்து மணிக்குள் வீட்டுக்கு’. குழுவின் பெயர் ‘அரை டிக்கெட்டுகள்’. 1979இல் எங்கள் ஊர்ப் பையன்கள் நால்வர் போட்ட முதல் தட்டு. கடைசித் தட்டும் அதுதான். எவனுக்கும் பதினெட்டு ஆகவில்லை. பன்னிரண்டு பாட்டு, முப்பத்தொரு நிமிடம். பெண்ணைப் பார்ப்பது, பேருந்தை விடுவது, வீட்டில் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கிட்டார் அடித்தால் செத்தவன்கூடக் காலைத் தட்டுவான். நான் அவர்களுடைய வேன் டிரைவர்.

போன வருடம் யாரோ அதை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் தங்கள் கருத்தை எழுதி, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போடும் பக்கம் ஒன்று இருக்கிறது. கிளெனிஸ் கொடுத்த டேப்லெட்டில் அது திறந்தே கிடக்கிறது. இருநூற்றுப் பதினான்கு பேர்! உலகத்தில் இத்தனை பேர் எங்கள் பையன்களைக் கேட்டிருக்கிறார்களா?

இன்று இரண்டு படித்தேன், விரலை வைத்து.

ஒன்று: “பன்னிரண்டு பாட்டும் ஒரே வேகம். கடவுளுக்கு நன்றி.”

இரண்டு: “டிரம்ஸ் அடிக்கும் பையனை அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள் போல. அவ்வளவு அவசரம்.”

உண்மையிலேயே அப்படித்தான். சத்தம்போட்டுச் சிரித்தேன். முழங்கால் வலித்தது.

மார்ச் 8, வெள்ளி

ஒசாகாவிலிருந்து ஒருவர். வேலைக்குப் போகும் ரயிலில் மூன்றாவது பாட்டைக் கேட்டால் முதலாளி முகம் மறந்துபோகிறதாம். ஐந்து நட்சத்திரம். ஒசாகா எங்கே என்று கிளெனிஸைக் கேட்க வேண்டும்.

மார்ச் 11, திங்கள்

ஒருவன் எழுதுகிறான்: “இரண்டரை நல்ல பாட்டு. மிச்சம் பள்ளிக்கூட விழா.” டேப்லெட்டைப் பார்த்து அவனைத் திட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

பிறகு நினைவு வந்தது. தட்டின் உறை நாற்பத்தைந்து வருடமாக என் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறதே, அதன் பின்பக்கத்தை நான் படித்ததே இல்லையே. இறக்கித் துடைத்துப் படித்தேன். அடியில் பொடி எழுத்து. “கிளிஃபுக்கு நன்றி. மேப் இல்லாமலே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்.”

பெருமையாக இருக்க வேண்டும். உறையைச் சுவரில் திரும்ப மாட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 13, புதன்

நாற்பத்தோராவது கருத்து. இரண்டு முறை படித்தேன், தப்பாகப் படித்திருப்பேனோ என்று. அப்படியே எழுதுகிறேன்.

“பெரிய ஆளாக வந்திருக்க வேண்டிய குழு. பாடகன் பில்லிங் குடித்துவிட்டு டிவி நிகழ்ச்சிக்கு நாலு மணி நேரம் தாமதமாகப் போனான். கதை முடிந்தது.”

அதன்கீழ் இன்னொருவர்: “என் சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். வேனிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்களாம். பதினேழு வயதில்!”

ஆமாம் என்று முப்பத்தேழு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

டக்கி பில்லிங் அன்றும் குடித்ததில்லை, இன்றும் குடிப்பதில்லை.

மார்ச் 14, வியாழன்

படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இருந்தபோது நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 16, சனி

இந்தப் பக்கத்தைக் கிளெனிஸுக்குக்கூடக் காட்டப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊரெல்லாம் சாலை தெரியும். சாலையின் பெயர் தெரியாது. வாயுத் தொட்டி, செங்கல் ஆலை, மூன்று புகைபோக்கி, உச்சி வளைந்த தேவாலயம், இதையெல்லாம் வைத்துத்தான் ஓட்டுவேன். எண்கள் தெரியும். எண்ணும் எழுத்தும் அம்பும் ஒரே பலகையில் கலந்து வந்தால் கண் அதைப் பிடிப்பதற்குள் பலகை போய்விடும். பையன்களுக்கு இது தெரியாது. “கிளிஃபுக்கு மேப்பே வேணாம்டா” என்று மற்றக் குழுக்களிடம் பீற்றிக்கொள்வார்கள். நானும் கேட்டுக்கொண்டு சிகரெட்டைப் பற்றவைப்பேன்.

அது தட்டு வந்த வருட நவம்பர். மதியம் லண்டனில் டிவிக்காகப் பாட வேண்டும். முந்தின இரவு வடக்குக் கோடியில் கார்லைலில் பாடிவிட்டு விடிவதற்கு முன் கிளம்பினோம். நால்வரும் பின்னால் மெத்தையில் தூக்கம். டக்கிக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. என் கோட்டைப் போர்த்தியிருந்தேன்.

பர்மிங்காமுக்கு முன்னால் மூடுபனி. தொட்டி இல்லை, புகைபோக்கி இல்லை, ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர். முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். அங்கே சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று லண்டனுக்கு, ஒன்று பிரிஸ்டலுக்கு. லாரி பிரிஸ்டலுக்குப் போனது. நானும்.

தெரியாமல் போனேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சாலை சத்தமே வேறு மாதிரி இருந்தது. பலகை மேல் பலகை வருகிறது, பெரிய வெள்ளை எழுத்தில், என் மூஞ்சிக்கு நேரா. திரும்பி ஒரு தட்டு தட்டி “டேய், அதுல என்ன போட்டிருக்கு?”ன்னு கேட்டிருந்தா முடிஞ்சுது. ஒரு வார்த்தை. கேட்கலையே. கேட்டா அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்னு ஐம்பது மைல் ஓட்டினேன். ஐம்பது மைல்! இன்னொரு வளைவுக்கு அப்புறம் தெரிஞ்ச இடம் வரும், வரும்னு—

பெட்ரோல் தீர்ந்துதான் நிறுத்தினேன். பையன்கள் எழுந்ததும் போலீஸ் சாலையை அடைத்துத் திருப்பிவிட்டதாகச் சொன்னேன். லண்டனில் டிவிக்காரன் ஏன் தாமதம் என்று கத்தினான். “பாடகன் சரியில்லை. வழியெல்லாம் நிறுத்த வேண்டியதாப் போச்சு” என்றேன். அந்த நேரம் பார்த்து டக்கியை இருவர் தாங்கி இறக்கினார்கள். கண் சிவந்து, கால் தள்ளாடி. டிவிக்காரன் மேலும் கீழும் பார்த்தான். “புரியுது” என்றான்.

அவன் என்ன புரிந்துகொண்டான் என்று எனக்கும் புரிந்தது. நான் திருத்தவில்லை.

வேறு ஒரு குழுவைப் பாடவைத்தார்கள். மூன்று மாதத்தில் இசைத்தட்டுக் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. குடிகாரப் பையன் என்று எவனும் மேடை தரவில்லை. டக்கி இப்போது இதே ஊரில் வீடுகளுக்குக் கம்பளம் போடுகிறான்.

மார்ச் 19, செவ்வாய்

கிளெனிஸ் வந்தாள். முகத்தைப் பார்த்து, “கால் வலியா?” என்றாள்.

“இல்ல கண்ணு. ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும். வாயில வரமாட்டேங்குது.”

“அப்ப எழுதுங்க. அதுக்குத்தானே இத்தனை பாடுபட்டோம்?” என்னவென்று கேட்கவில்லை. ஒசாகா ஜப்பானில் இருக்கிறதாம்.

மார்ச் 22, வெள்ளி

எழுதவெல்லாம் முடியாது, நேரில் சொல்லிவிடலாம் என்று டக்கிக்குப் போன் செய்தேன். வா என்று சும்மா கூப்பிட்டால் என்ன விஷயம் என்பான். படுக்கையறைக்குக் கம்பளம் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

வந்தான். அறுபத்திரண்டு வயது. தலை முழு வழுக்கை. முட்டி போட்டு, டேப்பை இழுத்து அளந்தான்.

“என்ன பெரிசு, கார்ப்பெட் நல்லாத்தானே இருக்கு?”

“நிறம் பிடிக்கலை.”

“நாலு வருஷம் முன்னாடி நான்தான் போட்டேன். இந்த நிறம்தான் வேணும்னு மொரீனோட சண்டை போட்டே.”

“மனுஷன் மாறமாட்டானா?”

“மூட்டு மாத்தும்போது மூளையையும் மாத்திட்டாங்களா?”

சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருவன் குத்துகிறான். “நீலமா, சாம்பலா?” என்றான் டக்கி.

“நீலம்” என்றேன்.

மார்ச் 23, சனி

எனக்கு நீலமே பிடிக்காது.

மார்ச் 28, வியாழன்

வாயில் வராததால் டக்கிக்கு எழுதவே உட்கார்ந்தேன். ஆறு நாளில் ஒன்பது வரி. நாளை பெரிய வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்ட பன் நான்கு கொடுத்தாள். மூன்றைத் தின்றுகொண்டே நாலு தாள் கிழித்தேன். முதல் தாளில் மூடுபனியைத்தான் குற்றம் சொல்லியிருந்தேன். இரண்டாவதில் லாரியை. மூன்றாவதில் டிவிக்காரனை. ஐந்தாவதில்தான் நான் வந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

சொல்லிவிட்டேன். கொடுத்துவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு வந்தான். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, பழையதைக் கிழித்தெடுத்து, நீலத்தை ஒரு பக்கம் அடித்தான். வாயில் ஏழெட்டு ஆணி. பழைய ஆட்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். தாளை நீட்டினேன்.

“என்ன, காதல் கடிதமா? நான் கல்யாணம் ஆனவன் பெரிசு” என்று ஆணிகளுக்கு நடுவே சொன்னான்.

“படி.”

“யார் எழுதினது? கோழி கிளறின மாதிரி இருக்கு.”

“நான்தான். எனக்குப் போன வருஷம் வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, டக்கி.”

அவன் சிரிக்கவில்லை. மண்டியிட்டபடியே படித்தான். ஒன்பது வரிக்கு அவ்வளவு நேரமா? என்னைவிட மெதுவாகப் படித்தான். பிறகு வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டான். டிங். டிங்.

“போலீஸ் திருப்பிவிட்டதுன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“பாடகன் சரியில்லைன்னு டிவிக்காரன்கிட்டச் சொன்னதும் நீதானா? காய்ச்சல்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“எங்கம்மா அதை நம்பினா, தெரியுமா? சாராயக் கடை இருக்கிற தெருவிலயே நடக்காத பொம்பளை. நான் வீட்டுக்குள்ள வந்தா முத்தம் குடுக்கிற மாதிரி என் வாயை மோந்து பாப்பா. தினமும். என் கல்யாணத்தன்னிக்குச் சர்ச் வாசல்ல, எல்லாருக்கும் முன்னாடி மோந்து பாத்தா.”

கம்பளம் வெட்டும் கத்தியை மடித்தான். பையைத் தூக்கினான். போய்விட்டான். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 5, வெள்ளி

மிச்சக் கம்பளம் சுருட்டினபடி படுக்கையறை வாசலில் குறுக்கே கிடக்கிறது. இந்தக் காலோடு அதைத் தாண்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. இரண்டு நாளாகத் தூக்கம் நாற்காலியில்தான். மாற்று உடுப்பு உள்ளே. யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எப்படி ஆச்சு என்பார்கள்.

ஏப்ரல் 6, சனி

வந்தான். வணக்கம் இல்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனான்.

“வேலையைப் பாதியில விட்டவன்னு என்னை யாரும் சொல்லக் கூடாது. ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு” என்று கம்பளத்திடம் சொன்னான்.

இரண்டு மணி நேரம், கம்பளத்தை இழுக்கும் கருவியை முழங்காலால் உதைத்து உதைத்து விரித்தான். கட்டிலைப் போட்டான். வாசலில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

“எனக்கு எழுதினது பத்தாது. மத்தவங்க எழுதியிருக்காங்கல்ல, அந்தப் பக்கத்துல எழுது. உன் பேரோட.”

“டக்கி, எனக்குப் படிக்கத் தெரியாம இருந்துச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்டா. சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். என்னைப் பாத்து நாப்பத்தஞ்சு வருஷம் சிரிச்ச ஊருதானே?”

ஏப்ரல் 8, திங்கள்

காலை பத்துக்கு உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது மாலை நாலு. நட்சத்திரம் போடாமல் அந்தப் பக்கம் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது. பாவமன்னிப்புக்கு எத்தனை நட்சத்திரம்? நாலு போட்டேன். ஏழாவது பாட்டு இழுக்கிறது. அதை அப்போதே சொன்னேன், பையன்கள் கேட்கவில்லை.

நான் எழுதியது:

“என் பெயர் கிளிஃப் ஹெஸ்கெத். இந்தக் குழுவின் வேனை ஓட்டியவன் நான். பில்லிங் குடிக்கவில்லை. அவனுக்குக் காய்ச்சல். மூடுபனியில் நான் தவறான சாலையில் போனேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்க வெட்கப்பட்டு ஐம்பது மைல் ஓட்டினேன். பிறகு பழி அவன்மேல் விழுந்தபோது சும்மா இருந்தேன். நல்ல தட்டு. அவன் நன்றாகப் பாடியிருக்கிறான்.”

பொத்தானை அழுத்தினேன். வியர்த்துவிட்டது.

ஏப்ரல் 11, வியாழன்

பதில்கள் வந்திருக்கின்றன. ஒரு பெண்மணி: “இத்தனை வருடம் அவரைத் தப்பாக நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.” இன்னொருவர்: “நான் முன்பு எழுதியதை எடுத்துவிடுகிறேன்.” ஒருவர் மட்டுந்தான். முப்பத்தேழு பேர் அப்படியேதான் நிற்கிறார்கள்.

அப்புறம் இது: “விளம்பரத்துக்காகக் கிழவன் கதை விடுகிறான். படிக்கத் தெரியாதவன் எப்படி இவ்வளவு நன்றாக எழுதுவான்?”

நன்றாக எழுதுகிறேனாம்! கிளெனிஸுக்கு உடனே போன் செய்து படித்துக்காட்டினேன். அவள் கைதட்டியது கேட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பொய் சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். இதற்கு மேல் நான் என்ன செய்ய? டக்கியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

கிளெனிஸ் கிளம்பிப் பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. டக்கி. கையில் கருவிப் பை இல்லை. உள்ளே வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தான், பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி.

“அந்தப் பக்கத்துல போட்டுட்டியாமே. என் பொண்ணு சொன்னா.”

“போட்டேன். நீ பாக்கலையா?”

“நான் ஒண்ணுகூடப் பாத்ததில்லை. எவன் எங்க என்னைப் பத்தி எழுதியிருந்தாலும் அந்தப் பக்கமே போகமாட்டேன். எதைத் திறந்தாலும் குடிகாரன்னுதான் இருக்கும்.” உறை இல்லாத சுவரைப் பார்த்தான். “எத்தனை பேரு?”

“இருநூத்தி இருபத்தாறு. போன வாரம் பன்னெண்டு சேர்ந்திருக்கு.”

“படி.”

“நானா?”

“நீதான். முதல்ல இருந்து. எதையும் தாண்டக் கூடாது. குடிகாரன்னு எழுதினதையும் சேத்துப் படிக்கணும்.”

படித்தேன். விரலை வைத்து, திக்கித் திக்கி. டிரம்ஸ்காரனின் அம்மா வந்ததும் அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. ஒசாகாக்காரரை மறுபடி படிக்கச் சொன்னான். “மூணாவது பாட்டா? அதை நான் குளியலறையில எழுதினேன்” என்றான். இரண்டரைப் பாட்டுக்காரனுக்கு நான் திட்டியதைவிட நல்ல வசவு வைத்திருந்தான்.

பதினெட்டாவதில் ஒருவர், இந்தத் தட்டைப் பதினாலு வயதில் வாங்கி, தன் பெண்ணின் கல்யாணத்தில் போட்டு எல்லோரும் ஆடியதாக எழுதியிருந்தார். நான் முடித்ததும் டக்கி எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான். அடுத்ததைப் படி என்று தலையை ஆட்டினான்.

முப்பதில் நிறுத்தச் சொன்னான். என் தொண்டை வறண்டிருந்தது. டீ வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றான். நாற்பத்தோராவது எது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கதவருகே, “வர்ற செவ்வாய் முப்பத்தொண்ணுல இருந்து” என்றான். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்வான் என்று நானும் நினைக்கவில்லை. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கக் கோட்டைக் கழற்றவே இல்லை.

அந்த நாற்பத்தொன்றை இப்போதே தனியாக நாலு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். தடுமாறாமல் படித்தாக வேண்டும். படித்து முடித்த பிறகு அவன் என்ன சொன்னான், எழுந்து போனானா, கோட்டைக் கழற்றினானா என்பதையெல்லாம் இருபத்து மூன்றாம் தேதி இதே நோட்டில் எழுதுகிறேன்.